பேசிக்கொள்ளாத நாட்களில் எடுத்த கல்யாண வகுப்பு

ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் பாதிரியாரான பங்குச்சாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"டீச்சர், கொஞ்சம் நில்லுங்க. சாரையும் கூப்பிடுங்க. வர்ற சனிக்கிழமை கல்யாண வகுப்பு இருக்கு. எப்பவும் பேச வர்ற ஜோடிக்கு இந்தத் தடவை வர முடியலையாம். நீங்க ரெண்டு பேரும் வந்து ஒங்க அனுபவத்தைச் சொல்லணும்."

சாரைக் கூப்பிடுவதில்தான் சிக்கல். சற்றுத் தள்ளி வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரரோடு நான் பேசிச் சில நாட்கள் ஆகியிருந்தன. நான் அசையாமல் நின்றேன். அவராகவே வந்தார், விஷயத்தைக் கேட்டார், "அதுக்கென்ன சாமி, வந்துட்டாப் போச்சு" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. நான் சாமியைப் பார்த்துச் சிரித்து வைத்தேன். கோவில் வாசலில் நின்றுகொண்டு, நாங்கள் பேசிக்கொள்வதில்லை சாமி என்று எப்படிச் சொல்வது?

எங்கள் பக்கம் கத்தோலிக்கர்களுக்கு இந்த வகுப்பு கட்டாயம். கோவிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிப்பதற்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் இதில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கியாக வேண்டும். ஒரு டாக்டர் வந்து உடம்பைப் பற்றிப் பேசுவார். ஒரு வக்கீல் வந்து சட்டத்தைப் பற்றிப் பேசுவார். சாமி மந்திரிப்பைப் பற்றி, அதாவது கோவிலில் நடக்கிற கல்யாணச் சடங்கைப் பற்றிப் பேசுவார். எல்லோருக்கும் கொட்டாவி வந்த பிறகு, வாழ்ந்து பார்த்த ஒரு புருசன் பெண்டாட்டி வந்து, எப்படி விட்டுக்கொடுத்துப் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். அந்த வேலைக்குத்தான் எங்களைப் பிடித்திருந்தார்.

வாழ்ந்து பார்த்தவர்கள் என்ற வார்த்தை எங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று எனக்கு நிச்சயமில்லை. என் வீட்டுக்காரர் குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். கல்யாணமான மறு வருடம் போனவர், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். பெட்டியைப் பிரித்து, சொந்தக்காரர்களுக்குச் சோப்பும் சென்ட்டும் கொடுத்து முடிப்பதற்குள் திரும்பிப் போகிற நாள் வந்துவிடும். நான் கீரனூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பெரும்பகுதி போனில்தான் நடந்தது.

போனில் குடும்பம் நடத்துவதற்கு இருந்த சட்டங்கள் சுலபமானவை. அவர் சாப்பிட்டாரா என்று கேட்ட பிறகுதான் மற்றதைப் பேச வேண்டும். மகளுக்கு மார்க் குறைந்தால் மகளே சொல்ல வேண்டும். அவருடைய அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால், "சிக்னல் சரியில்லங்க" என்று சொல்லி நான் போனை வைத்துவிடலாம். என் அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தால் அவரும் அதே சிக்னலைச் சொல்லி வைத்துவிடுவார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதை ஒருவருக்கொருவர் சுட்டிக் காட்டாமல் இருப்பதும் ஒரு சட்டம்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, போதும் என்று கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். வந்த பிறகுதான் தெரிந்தது, வீட்டுக்குள் சிக்னல் எப்போதும் நன்றாகவே இருக்கும் என்று.

அங்கே அறையில் இருந்த ஆட்களுக்கெல்லாம் அவர்தான் சமையல் செய்து போட்டிருக்கிறார். அதனால் அவருக்கு அடுப்பங்கரையைப் பற்றிக் கருத்துகள் இருந்தன. வந்த புதிதில் ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது எல்லா டப்பாக்களையும் இறக்கித் துடைத்து, உயர வரிசைப்படி அடுக்கி வைத்துவிட்டார். பார்க்க மருந்துக்கடை மாதிரி இருந்தது. மறுநாள் விடியற்காலை அரைத் தூக்கத்தில் லெமன் சாதம் கிளறினேன். கை பழகிய இடத்துக்குப் போய், பழகிய டப்பாவைத் திறந்து, பழகிய அளவு அள்ளிப் போட்டது. மத்தியானம் என் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்ட சக டீச்சர், "என்னக்கா, இன்னிக்கு ஒங்க வீட்ல விசேசமா?" என்றாள். உப்பு இருந்த இடத்தில் சர்க்கரை இருந்திருக்கிறது.

அன்றைக்குப் போட்ட சண்டையில் பிறந்ததுதான் முதல் சட்டம். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் வரை அடுப்பங்கரை என்னுடையது. அதற்குப் பிறகு அவருடையது. ஒருவர் நேரத்தில் இன்னொருவர் தண்ணீர் குடிக்க மட்டும் உள்ளே வரலாம். கருத்து சொல்லக் கூடாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு சட்டம் என்று சேர்ந்துகொண்டே போனது. வண்டியில் போகும்போது சண்டை போடக் கூடாது. ஏனென்றால் பதில் சொல்லத் தெரியாத இடத்தில் அவர் பிரேக்கைப் பிடிக்கிறார், நான் அவர் முதுகில் போய் மோதுகிறேன், அதை அவர் சமாதானம் என்று எடுத்துக்கொள்கிறார். நான் வெளியே கிளம்பினால், "எங்க போற?" என்று கேட்கக் கூடாது. அத்தனை வருடம் யாரும் என்னைக் கேட்காத கேள்வி அது. மகளைத் தூக்கிக்கொண்டு திருச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடியபோதும், மனை வாங்கப் பத்திர ஆபீசில் நாளெல்லாம் நின்றபோதும் கேட்க ஆள் இல்லை. இப்போது தையல்காரரிடம் போய் ஜாக்கெட் வாங்கி வர விசாரணை. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, "எப்ப வருவ?" என்று கேட்கலாம் என்று முடிவானது. அதற்குச் சோறு வடிக்கிற காரணம் இருக்கிறது.

இதெல்லாம் கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அலுப்பாக இருந்தது. ஐம்பதைத் தாண்டி, முட்டி தேய்ந்து, சாயங்காலம் பஸ்ஸில் நின்றபடியே வந்து இறங்கிய பிறகு, ஒரு மனிதனோடு எப்படி ஒரே வீட்டில் இருப்பது என்று முதல் பாடத்திலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

நாங்கள் பேச்சை நிறுத்தியதற்குக் காரணமும் அந்த முட்டிதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. வலது முட்டி வீங்கிக் காலை மடக்க முடியவில்லை. "இன்னிக்குப் போகாத" என்றார். எனக்குத் தேர்வு அறை இருக்கிறது, போயே ஆக வேண்டும் என்றேன். அவர் வண்டியை எடுத்து, பஸ் நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் போனார். அட, பெருந்தன்மையாக விட்டுவிட்டாரே என்று பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூட கேட்டைத் தாண்டியதும் தலைமையாசிரியர் எதிரே வந்தார். "என்ன டீச்சர், வந்துட்டீங்க? ஒங்க வீட்டு சார் இப்பத்தான் போன் பண்ணாரு. முட்டி வலியாம், வந்தாலும் திருப்பி அனுப்பிருங்க, ரெண்டு மூணு நாளைக்கு லீவுன்னாரே. ஒங்க ஹாலுக்கு வேற ஆளைப் போட்டுட்டனே!"

அன்று முழுக்க வேலையில்லாமல் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் போனவர்கள் எல்லாம், "குடுத்து வச்சவங்க டீச்சர் நீங்க" என்றார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், "எங்க வீட்டுக்காரருக்கு நான் எந்த ஸ்கூல்னு கேட்டாக்கூடச் சரியாத் தெரியாது" என்று பெருமூச்சு விட்டாள். எனக்குத் தொண்டை வரைக்கும் கோபம். ஒரு வீட்டை நான் ஒற்றை ஆளாகக் கட்டியிருக்கிறேன். கொத்தனாரோடும் மின்சார ஆபீசோடும் நான்தான் பேசினேன். அப்படிப்பட்டவளுக்காக இன்னொருவர் போன் செய்து லீவு கேட்கிறார்.

சாயங்காலம் வந்ததும் கேட்டேன். "எனக்கு லீவு கேக்கச் சொல்லி ஒங்ககிட்ட யாருங்க சொன்னது?"

"முட்டி வீங்கிக் கெடக்கு. நீ கேக்க மாட்ட. நான் கேட்டேன்."

"நான் என்ன எல்கேஜி புள்ளையா, வீட்லருந்து பெரியவங்க போன் பண்ணி லீவு கேக்க?"

"நல்லதுக்குச் செஞ்சாலும் குத்தமா? ஒனக்கு நான் எதுக்குத்தான் வேணும்?"

நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தேன். அதைப் பார்த்த அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். அதோடு பேச்சு நின்றது.

ஒரே வீட்டில் பேசாமல் இருப்பதற்கு நிறைய ஏற்பாடு தேவைப்படுகிறது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள்தான் எங்களுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். அவளுக்குப் போன் போட்டு, "குழாயில தண்ணி வந்துருச்சு, மோட்டாரைப் போடச் சொல்லு ஒங்கப்பாவை" என்பேன். பக்கத்து அறையில் அவருடைய போன் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் மோட்டார் ஓடும். பிறகு அவள் கூப்பிட்டு, "காஸ் தீரப் போகுதாம், புக் பண்ணிட்டீங்களான்னு அப்பா கேக்குறாரு" என்பாள். மூன்றாம் நாள் அவளுக்கே பொறுக்கவில்லை. "அம்மா, நான் மீட்டிங்ல இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கீங்க? கதவைத் தட்டிச் சொல்லுங்கம்மா" என்று வைத்துவிட்டாள்.

இந்த லட்சணத்தில் சனிக்கிழமை வந்தது. நான் பட்டும் இல்லாமல் பருத்தியும் இல்லாமல் இடைப்பட்ட ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்தேன். வகுப்பு பக்கத்துப் பங்குக் கோவிலின் மண்டபத்தில். வழி நெடுக தைலமரக் காடு. ஒரு வார்த்தை கிடையாது. வண்டியில் சண்டை போடக் கூடாது என்ற சட்டம் மட்டும் அன்றைக்கு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது.

மண்டபத்தில் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். சில ஜோடிகள் தோள் உரச, சில ஜோடிகள் நடுவில் இன்னொரு ஆள் உட்காரலாம் என்கிற இடைவெளியில். நாங்கள் போனபோது வக்கீல் பேசி முடித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வரிசை ஓரத்தில் ஒரு பெண் தனியாக இருந்தாள். பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்திருந்தாள். யாராவது அங்கே உட்கார வந்தால் பையை எடுக்க மாட்டாள் என்று தோன்றியது.

சாமி எங்களை அறிமுகப்படுத்தினார். வெளிநாட்டுக்கும் உள்நாட்டுக்கும் நடுவில் விசுவாசமாக இல்லறம் நடத்திய தம்பதியர் என்றார். மண்டபம் கை தட்டியது. ஒரே ஒரு மைக்தான் இருந்தது. அதை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. தடுமாறுவார் என்று நினைத்தேன். அவரோ தொண்டையைச் செருமிவிட்டுச் சாதாரணமாக ஆரம்பித்தார்.

"தம்பிகளா, சாமி அன்பு, பொறுமை எல்லாம் சொல்லியிருப்பாரு. நான் வேலைக்கு ஆகறதைச் சொல்றேன். சண்டை வரும். வரும்போது ரெண்டு பேர்ல ஒருத்தர் கையிலயாவது வேலை இருக்கணும். வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே சண்டை போடுங்க. சண்டை முடியலைன்னாலும் கொழம்பு முடிஞ்சிரும்."

சிரித்தார்கள். அவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

"ரெண்டாவது, அவுக வீட்டு ஆளுகளை அவுக திட்டுவாக. அண்ணன் இப்படி, தம்பி அப்படிம்பாக. நீங்க ஆமாங்கவும் கூடாது, இல்லைங்கவும் கூடாது. மேல சுத்துற ஃபேனைப் பாக்கணும். ஆமான்னு சொன்னீங்க, அன்னைக்கு ராத்திரியே அண்ணன் நல்லவராயிருவாரு, நீங்க கெட்டவராயிருவீங்க."

பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். முன் வரிசையில் ஒரு மாப்பிள்ளை நிஜமாகவே அண்ணாந்து ஃபேனைப் பார்த்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

"அப்புறம், பொம்பளைக தன் ஒடம்பைப் பாக்க மாட்டாக. நாமதான் பாக்கணும். போன வாரம்கூட எங்க டீச்சருக்கு முட்டி வீங்கிப் போச்சு. லீவு போட மாட்டேன்னு ஒரே பிடிவாதம். நானே ஹெச்எம்முக்குப் போன் போட்டு லீவு சொல்லிட்டேன். அந்த உரிமை வேணும் தம்பி. அதான் கல்யாணம்."

மண்டபம் முழுக்கக் கை தட்டல். ஒரு பெண் தன் மாப்பிள்ளையை முழங்கையால் இடித்தாள், பார்த்துக் கற்றுக்கொள் என்பதுபோல.

நான் கையை நீட்டினேன். "மைக்கைக் குடுங்க."

அத்தனை நாளுக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அதுவும் ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது. அவர் கொடுத்துவிட்டார்.

"பொண்ணுகளா, லீவு கேட்ட கதையில மிச்சத்தையும் கேளுங்க. நான் வேலைக்குப் போயி நிக்கிறேன். எனக்கு வேலை இல்லேங்குறாங்க. ஏன்னா எனக்குப் பதிலா இவரு பேசிட்டாரு. என்னைக் கேக்கலை, என்கிட்டச் சொல்லவும் இல்ல. ஒங்க வாயால பேச வேண்டியதை இன்னொருத்தர் பேசினா, அது பாசமா இருந்தாலும் விட்டுறாதீங்க. இன்னைக்கு லீவு கேப்பாக. நாளைக்கு வேலையை விடுறேன்னும் அவுகளே சொல்லிருவாக."

அவர் குனிந்து மைக்கின் பக்கம் வாயைக் கொண்டுவந்தார். "கேட்டா நீ விடுவியா?"

"கேட்டுப் பாத்தீங்களா?"

"கேட்டேன். போகாதன்னேன்."

"அது கேக்குறதா? அது சொல்றது."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"அதைத்தான் இத்தனை நாளா யோசிச்சுக்கிட்டு இருந்தீங்களா, பேசாம?"

"நானா பேசலை? நீதான மோட்டார் போடுறதுக்குக்கூட கோயம்புத்தூருக்குப் போன் போட்ட!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. சாமி நாற்காலியில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் நாடகம் போடுகிறோம் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். டாக்டரும் வக்கீலும்கூடக் கதவோரம் வந்து நின்று பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவர் முகமும் சிவந்திருந்தது. மைக்கைப் பிடித்தபடி இரண்டு பேரும் நின்றோம்.

அப்போதுதான் தனியாக இருந்த அந்தப் பெண் எழுந்து நின்றாள். ஒல்லியான பெண். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"டீச்சர், எனக்குப் பாத்திருக்கவுக சிங்கப்பூர்ல இருக்காக. அங்கயே ஒரு கோவில்ல இந்த வகுப்பை முடிச்சுட்டாக. கல்யாணத்துக்கு லீவுல வர்றாக, ஒரு மாசத்துல திரும்பிருவாக. நீங்க சொல்றதெல்லாம் ஒரே வீட்ல இருக்கவுகளுக்கான சட்டம். எங்களுக்கு என்ன சட்டம்?"

சிரிப்பு அடங்கிவிட்டது. நான் அவளுடைய கைப்பையைப் பார்த்தேன். நாற்காலியில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் களைப்பாக இருந்தது, முட்டி வேறு தெறித்தது. "போன்ல குடும்பம் நடத்துறது பழகிரும்மா" என்றேன். "பழகக் கூடாத அளவுக்குப் பழகிரும். எல்லாத்தையும் நீயே செய்யக் கத்துக்குவ. அப்புறம் ஒரு நாள் அவுக திரும்பி வந்து நிப்பாக. எங்க ஒக்காரச் சொல்றதுன்னு ஒனக்குத் தெரியாது. அவுகளுக்கும் தெரியாது. எங்கள மாதிரி மைக் வச்சுப் பேச வேண்டி வரும்."

சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினார். இந்த முறை தொண்டையைச் செருமவில்லை.

"அம்மா, ஒரே ஒரு சட்டம் சொல்றேன். நான் குவைத்ல இருக்கும்போது இவளுக்கு வயித்துல ஒரு ஆபரேசன் ஆச்சு. எனக்குச் சொல்லலை. தெனமும் போன்ல பேசுனா. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே, இன்னைக்குக் கத்திரிக்கா கொழம்பு வச்சேன்னு சொல்லியிருக்கா. நானும் கொழம்பு நல்லாருந்துச்சான்னு கேட்டேன். கொஞ்ச நாள் கழிச்சு நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் லீவு முடிஞ்சு வந்தான். வந்ததும், 'அண்ணிக்கு இப்பத் தேவலையாண்ணே?'ன்னான். எதுக்குன்னு கேக்கணும். கேக்கலை. பொண்டாட்டிக்கு என்ன ஆச்சுன்னு இன்னொருத்தன்கிட்ட எப்படிக் கேக்குறது? 'தேவலைப்பா'ன்னு சொன்னேன். தெரிஞ்ச மாதிரியே சொன்னேன். மத்ததை அவன் பேச்சுலருந்து கொஞ்சம் கொஞ்சமாத் தெரிஞ்சுக்கிட்டேன்."

மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினார்.

"அங்கருந்து ஒண்ணும் பண்ண முடியாதுதான். இருந்தாலும் சொல்லிரும்மா. அவருகிட்டயும் சொல்லிரச் சொல்லு."

மைக்கை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அது தெரியாது. அடுத்த லீவில் வந்து தழும்பைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது என்று அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அன்றைக்கு அவர் தழும்பைப் பார்த்து ஒன்றும் கேட்காதது எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. கல் மனசு என்று நினைத்தேன். ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கேட்கத் தெரியாமல் இருந்திருக்கிறார். சொல்லாமல் விட்டது தப்பு என்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பார், லீவு கேட்டு அலைந்திருப்பார், கிடைத்திருக்காது. அங்கே அவர் அழுவதை இங்கே நான் தையலோடு படுத்துக்கொண்டு கேட்டிருக்க வேண்டும். ஆனால் தலைமையாசிரியருக்குப் போன் போட்டது, ஒன்றும் தெரியாமலே 'தேவலைப்பா' என்று சொல்ல வேண்டியிருந்த அந்த ஆள்தான் என்பது அந்த மண்டபத்தில் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. விளங்கியதால் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கோபத்தோடு கூடவே வேறு ஒன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

டீயும் வடையும் கொடுத்தார்கள். சாமி எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, "இப்படி யாரும் பேசினதில்ல. எத்தனை நாள் ஒத்திகை பாத்தீங்க?" என்றார். "ரொம்ப வருசமா சாமி" என்றார் என் வீட்டுக்காரர்.

திரும்பும்போது வழியில் வண்டியை நிறுத்தினார். பின்னால் திரும்பாமலே கேட்டார்.

"முட்டி எப்படி இருக்கு?"

"வலிக்குது."

"திங்கக்கிழமை போவியா?"

"போவேன்."

"சரி" என்றார். பிறகு, "இது கேட்டதா, சொன்னதா?" என்றார்.

"கேட்டது" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கூப்பிட்டாள். அப்பா தன்னை அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை என்றதும் அவளுக்குச் சந்தேகம். பேசிவிட்டோம் என்றேன். "கடவுளே, நன்றி. இனி என் வேலையைப் பாக்குறேன்" என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே டிவி சத்தத்தை வைத்துக் கொஞ்சம் வாக்குவாதம் ஆனது. நேரடியாகத்தான், யார் மூலமாகவும் இல்லை.

அந்த நர்ஸ் பெண்ணுக்கு, ஈஸ்டருக்கு முந்தின நோன்பு காலம் தொடங்குவதற்கு முன்பே கல்யாணம் நடந்தது. போய் வந்தோம். மாப்பிள்ளை சாதுவான பையன். எங்களைப் பார்த்ததும், "மைக் டீச்சரா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். சொன்னபடியே ஒரு மாதத்தில் சிங்கப்பூர் போய்விட்டான்.

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சும்மாதான் வந்தேன் என்றாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. "இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்று உட்கார வைத்துவிட்டு நான் மீனைப் பொரிக்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அடுப்பங்கரை யாருடையது என்று எங்களுக்குள் இன்னும் தீர்ப்பாகவில்லை.

எண்ணெய்ச் சத்தத்துக்கு நடுவில் கூடத்துப் பேச்சு கேட்டது. அவள்தான் பேசினாள்.

"அவுக நல்லாத்தான் பேசுறாக. ஆனா போனை டக்குனு வச்சிர்றாக அய்யா. சிரிச்சுப் பேசிக்கிட்டே இருப்பாக, 'சரி, வைக்கிறேன்'னு வச்சிருவாக. எனக்கு என்னமோ பேசப் பிடிக்காம வைக்கிற மாதிரி இருக்கு."

அவர் நாற்காலியை நகர்த்திப் போடுகிற சத்தம் வந்தது. பிறகு அவர் சொன்னார்.

"பிடிக்காம இல்லம்மா. குரல் மாறும்போல இருந்தா வச்சிருவோம். வச்சிட்டு ஒடனே ரூமுக்குப் போக முடியாது. உள்ள ஆளுக இருப்பாங்க, மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சிரும். நான் மாடிப்படியில ஒக்காந்திருப்பேன். கீழ கார் போறதையும் வர்றதையும் பாத்துக்கிட்டு இருப்பேன். சரியானப்புறம் போயி, 'என்னப்பா, ரசம் வச்சிரலாமா?'ன்னு கேப்பேன்."

"இவுகளும் அப்படி ஒக்காந்திருப்பாகளா?"

"ஒக்காந்திருப்பாரு. நீ கேட்டா இல்லைம்பாரு. கேக்காத. ஆனா தெரிஞ்சுக்க."

நான் கரண்டியோடு நின்றேன். சிக்னல் என்று சொல்லி அவர் போனை வைத்த அத்தனை தடவைகளில் எவை என் அண்ணனுக்காக, எவை மாடிப்படிக்காக என்று இனிப் பிரித்துப் பார்க்க முடியாது. மீன் ஒரு பக்கம் தீய்ந்துவிட்டது. திருப்பிப் போட்டேன்.

சாப்பிட்ட பிறகு அந்தப் பெண் கிளம்பினாள். பஸ் நிறுத்தம் வரை வண்டியில் கொண்டுபோய் விட அவர் சாவியை எடுத்தார். அவர் இன்னும் சாப்பிடவில்லை. "வந்து சாப்பிடுறேன்" என்றார். நான் தலையாட்டினேன்.

வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். தீயாத துண்டுகளை அவருக்கு எடுத்து மூடி வைத்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் வருவதற்கு இந்த வெயிலில் எப்படியும் நேரமாகும், அதுவரைக்கும் அவரும் அங்கேயே நிற்பார் என்று தெரியும். அப்படியே தலையணை இல்லாமல் சிமெண்டுத் தரையில் சாய்ந்தேன். குளிர்ச்சியாக இருந்தது. கதவைத் தட்டும்போது எழுந்துகொள்ளலாம் என்று கண்ணை மூடினேன்.